மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்கிறார்கள். அம்மாவை அழைத்துப்போக வேறு என்னென்ன வேண்டும்?

திருமங்கலத்துக்காரன் | வியாழன், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். ஈப்போவில் என் பெரியப்பா பேத்திக்குத் திருமணம். தாத்தா காலத்தில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போன குடும்பத்தில் பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார். அப்பா மட்டும் ஊர் திரும்பினார். அப்பா இப்போது இல்லை. அவர் இடத்தில் அம்மா போய் நிற்க வேண்டும் என்று பெரியப்பா வீட்டில் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு 68 வயது. இதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் போகிறோம். மலேசியாவுக்கு விசாவே வேண்டாம் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் டிக்கெட் விசாரிக்கப் போன இடத்தில், வருகை அட்டை என்று ஒன்று கட்டாயம், அதற்கு ஆளுக்கு 1,200 ரூபாய் என்றார்கள். விசா இல்லாத நாட்டுக்கு அது எதற்கு என்று கேட்டால் சரியான பதில் இல்லை.

குழப்பம் இன்னும் இருக்கிறது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல்தான், குடும்பப் பெயர் என்ற இடம் காலி. பள்ளிக்குப் போகாதவர் என்பதால் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்றும் போட்டிருக்கிறது. திருமணம் முடிந்ததும் அங்கிருந்தே பஸ்ஸில் சிங்கப்பூர் போய் மூன்று நாள் இருந்துவிட்டு, மறுபடி மலேசியா வந்து ஊர் திரும்பலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை. இதெல்லாம் நடக்குமா?

உசிலை மருமகன் | வியாழன், இரவு 10:05

கவலைப்படாதீர்கள் அண்ணே. நான் போன ஆண்டு கோலாலம்பூர் போனேன். பாஸ்போர்ட், டிக்கெட் இரண்டையும் நீட்டினேன், முத்திரை குத்தினார்கள், வந்துவிட்டேன். ஒரு கேள்விகூட இல்லை. சிங்கப்பூரும் பக்கத்து வீடு மாதிரிதான், பஸ் ஏறினால் ஆயிற்று. டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் பயமுறுத்தித்தான் காசு பார்க்கிறார்கள்.

மாசி வீதி | வியாழன், இரவு 11:20

டிராவல்ஸ் வைத்திருப்பவன்தான் நான். 22 ஆண்டுகளாக இந்தத் தொழில். பயமுறுத்த எழுதவில்லை. தம்பி சொன்னதை நம்பிச் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினால் ஐந்து பேரும் எல்லையில் நிற்க வேண்டிவரும். அதனால் தூக்கத்தை விட்டு எழுதுகிறேன்.

முதலில் மலேசியா. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா விலக்கு தந்திருக்கிறார்கள். அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். சுற்றுலா, உறவினர் வீடு போன்றவற்றுக்குத்தான் அது. வேலைக்கு அல்ல. விலக்கு என்பதன் பொருள் இவ்வளவே: நீங்கள் முன்கூட்டியே தூதரகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்பதை அங்கே இமிகிரேஷன் மேசையில் இருப்பவர்தான் முடிவு செய்வார். விசா எடுத்துப் போகிறவருக்கும் இதே நிலைதான். அது தெரியாமல்தான் பலர் வெறுங்கையோடு போய் விழிக்கிறார்கள்.

போய் இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட் இருக்க வேண்டும். தங்கும் இடம், உங்கள் விஷயத்தில் பெரியப்பா வீட்டு முகவரி, கையில் இருக்க வேண்டும். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று கேட்டால் காட்டத் தெரிய வேண்டும். ரொக்கமோ, அட்டையோ, வங்கிக் கணக்கின் தாளோ எதுவானாலும் சரி. திருமண அழைப்பிதழை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே வலுவான ஆவணம் அதுதான். உசிலைத் தம்பியை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை என்றால் அது அவருடைய நல்ல நேரம். எல்லோரையும் கேட்பதில்லை. யாரைக் கேட்பார்கள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

வருகை அட்டை கட்டாயம் என்பது உண்மை. எம்டிஏசி என்பார்கள். 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய இமிகிரேஷன் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் ஒரு காசு கிடையாது. பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் முகவரி, மின்னஞ்சல், அவ்வளவுதான் கேட்கும். ஆளுக்குப் பத்து நிமிடம். நிரப்பித் தர உழைப்புக்கென்று சிறிது வாங்குவது ஒன்று, அரசாங்கக் கட்டணம் என்று சொல்லி 1,200 ரூபாய் வாங்குவது வேறு. என் தொழிலைச் செய்கிறவர்கள் இப்படிச் செய்வதைக் கேட்கும்போது எனக்கு அவமானமாக இருக்கிறது.

அடுத்து சிங்கப்பூர். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். இணையத்தில் நீங்களே நேராக விண்ணப்பிக்க முடியாது. அவர்கள் அங்கீகரித்த முகவர் வழியாகவோ, அங்கே இருக்கும் உறவினர் வழியாகவோதான் போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தால் திரும்ப வராது. அதோடு சிங்கப்பூர் வருகை அட்டையும் உண்டு, அதுவும் இலவசம், அதுவும் மூன்று நாளுக்குள். சிங்கப்பூர் போய்விட்டு மலேசியாவுக்குள் மறுபடி நுழையும்போது எம்டிஏசியை மறுபடி நிரப்ப வேண்டும். ஒருமுறை நிரப்பியது ஒரு நுழைவுக்குத்தான். இதில் மாட்டிக்கொண்டு ஜொகூர் எல்லையில் கைப்பேசியைத் துழாவியவர்கள் பலர்.

உசிலை மருமகன் | வெள்ளி, காலை 6:50

சிங்கப்பூர் பற்றி நான் எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். என் மச்சினர் போய்வந்ததை வைத்துச் சொல்லிவிட்டேன். அவரிடம் அந்த நாட்டின் வேலை அட்டை இருந்தது என்பதை இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் மலேசியாவில் உண்மையிலேயே திருப்பி அனுப்புகிறார்களா? அப்படி அனுப்பப்பட்ட ஒருவரையாவது இங்கே யாருக்காவது நேரில் தெரியுமா? கேள்விப்பட்ட கதைகள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலூர் ஆசிரியை | வெள்ளி, காலை 8:15

எனக்குத் தெரியும். என் சித்தி மகன்.

ஐடிஐ முடித்தவன், 24 வயது. பக்கத்து ஊர் முகவர் ஒருவர், மலேசியாவில் உணவகத்தில் வேலை, இப்போது விசா இல்லாமலேயே போகலாம், போய்ச் சேர்ந்தபின் முதலாளி அனுமதி எடுத்துத் தருவார் என்று சொல்லி ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கினார். சித்தி கம்மலை அடகு வைத்தாள். திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டு வந்து வீட்டில் பொங்கல் வைத்தோம்.

கோலாலம்பூரில் அவனிடம் கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை நாள், எங்கே தங்குகிறாய், கையில் எவ்வளவு பணம். முகவர் கொடுத்த ஓட்டல் முன்பதிவுத் தாளைக் காட்டினான். அவர்கள் அங்கிருந்தே ஓட்டலுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். அந்த முன்பதிவு அதற்கு முந்தைய நாளே ரத்து செய்யப்பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியாது. கையில் இருந்தது ஏழாயிரம் ரூபாய். சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்த இடத்தைப் பார்க்கப் போகிறாய் என்ற அடுத்த கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. ஒரு அறையில் பலரோடு சேர்த்து உட்கார வைத்தார்கள். ஒன்றரை நாள். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டதால் எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டானா என்று சித்தி நடுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே இருந்தாள். இறங்க அனுமதி இல்லை என்ற குறிப்போடு அடுத்த விமானத்தில் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பணம் திரும்பி வரவில்லை. முகவர், விசா எடுத்துத் தருவதாக நான் சொல்லவே இல்லையே என்கிறார். அதுதான் கொடுமை. விசா என்று ஒன்று இருந்திருந்தால் அது வந்ததா இல்லையா என்று நாங்கள் கேட்டிருப்போம், யாரிடமாவது காட்டியிருப்போம். விலக்கு என்ற சொல் எங்களை எதையும் கேட்கவிடாமல் செய்துவிட்டது.

இராமநாதபுரத்துப் பிள்ளை | வெள்ளி, காலை 9:30

ஆசிரியை அக்கா, உங்கள் தம்பி வீடு வந்து சேர்ந்தானே, அதை நினைத்து ஆறுதல் கொள்ளுங்கள். தாய்லாந்து நமக்கு விசா விலக்கு தந்த பிறகு, பாங்காக்கில் கணினி வேலை என்று அழைத்துப்போய், மே சாட் எல்லை வழியாக ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்துவிடுகிறார்கள். விலக்கு வருவதற்கு முன்பே, 2022-லேயே இது நடந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் மீட்கப்பட்டு வந்த செய்தியை எல்லோரும் படித்தோம்.

ஈரான் 2024 பிப்ரவரியில் நமக்கு விசா விலக்கு கொடுத்தது. வேலை ஆசை காட்டி அழைத்துப் போனவர்கள் அங்கே இறங்கிய இந்தியர்களைக் கடத்திவைத்துப் பணம் கேட்ட சம்பவங்கள் தொடர்ந்ததால், 2025 நவம்பர் 22 முதல் அந்த விலக்கை நிறுத்திவிட்டார்கள். விலக்கு என்பது எந்த நாளும் போகக்கூடியது. டிக்கெட் எடுக்கும் நாளில் ஒருமுறை, புறப்படும் வாரத்தில் ஒருமுறை அந்த நாட்டின் அரசு இணையதளத்தைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'விசா இல்லாத நாடுகள்' படத்தை நம்பாதீர்கள்.

இப்போது திருமங்கலத்து அண்ணனின் இசிஆர் கேள்வி. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் இது எனக்கு அத்துப்படி. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் அனுமதி பெற வேண்டும். மலேசியா, தாய்லாந்து, அமீரகம், சவூதி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஏமாற்றப்படக்கூடியவர்களைக் காப்பதற்காக வந்த ஏற்பாடு அது. உறவினர் திருமணத்துக்குப் போகும் தாயாருக்கு அது பொருந்தாது. அதோடு 50 வயது கடந்தவர்களுக்கு அந்தச் சோதனையே தேவையில்லை என்பது விதி. பழைய பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருப்பதால் ஊரில் புறப்படும்போது மேசையில் ஒருவேளை கேட்பார்கள். திரும்பும் டிக்கெட்டையும் அழைப்பிதழையும் காட்டினால் போதும்.

திருமங்கலத்துக்காரன் | வெள்ளி, மதியம் 1:10

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு மனைவி சாப்பிடவில்லை. சிங்கப்பூரை இந்தமுறை விட்டுவிடுகிறோம். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

பெயர் விஷயம் மட்டும் யாரும் தொடவில்லை. அம்மாவின் டிக்கெட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் இணையதளம் அடுத்த பக்கத்துக்கே போக மறுக்கிறது.

மேலூர் ஆசிரியை | வெள்ளி, மாலை 5:45

பள்ளி முடிந்து வந்ததும் இதைத்தான் எழுத நினைத்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளுக்குச் சான்றிதழில் பெயர் எழுதி எழுதி இந்த வலி எனக்குப் பழக்கம்.

நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர். அதற்கு மேல் எதுவும் இல்லாமல் தலைமுறைகள் வாழ்ந்துவிட்டோம். சாதிப் பெயரைப் பின்னால் போடுவதை நம் முன்னோர் வேண்டுமென்றே உதறினார்கள், அது பெருமைக்குரிய செயல். ஆனால் உலகத்துப் பாஸ்போர்ட் படிவங்கள் எல்லாம், ஒவ்வொரு மனிதருக்கும் இரண்டு பெயர் இருக்கும் என்று நினைத்து அமைக்கப்பட்டவை. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை எழுத்தாகப் போட அனுமதி இல்லை, விரித்து எழுத வேண்டும். சிலர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் போட்டார்கள். சிலர் காலியாக விட்டார்கள். காலியாக விட்டவர்களில் பெரும்பாலோர் நம் அம்மாக்கள், பாட்டிகள். திருமணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து என்று மாறியதில், எதையும் போடாமல் விட்டுவிடுவதே சுலபம் என்று யாரோ நிரப்பித் தந்திருப்பார்கள்.

இதனால் பெரிய அடி விழுந்தது 2022-இல். அந்த ஆண்டு நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் விடமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தது. துபாயில் இருக்கும் மகனையும் பேரனையும் பார்க்கப் புறப்பட்ட நம் பக்கத்துப் பெரியவர்கள் தவித்துப்போனார்கள். பின்னர், பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். அங்கே குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்கு முதலிலிருந்தே அந்தத் தடை இல்லை.

மலேசியாவில் அப்படி ஒரு தடை கிடையாது. அங்கேயே லட்சக்கணக்கான தமிழர்கள் அப்பா பெயரோடு சேர்த்துத்தானே பெயர் எழுதுகிறார்கள், அவர்களுக்கு இது புதிதல்ல. எம்டிஏசியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதினால் போதும். டிக்கெட்டுக்கு மட்டும் விமான நிறுவனத்தைக் கேளுங்கள். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள், சிலருக்கு வேறு முறை. நீங்களாக அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டில் இருந்தால் மேசையில் நிறுத்திவிடுவார்கள்.

மாசி வீதி | வெள்ளி, மாலை 6:30

ஆசிரியை சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விமான நிறுவன மேசையில் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். தகுந்த ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் பல நாடுகளில் அந்த நிறுவனத்துக்குத்தான் அபராதம், திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அவர்களுடையது. அதனால் உங்கள் விசா விதியை முதலில் சோதிப்பவர் திருச்சி விமான நிலைய மேசையில் இருப்பவரே. கைப்பேசியில் இருப்பதை அச்செடுத்து வைத்திருங்கள். பெரியவர்களோடு போகும்போது தாள் கையில் இருப்பது போல எதுவும் வராது.

உசிலை மருமகன் | வெள்ளி, இரவு 8:00

எனக்கு வேறொரு கேள்வி. அவர்கள் நமக்கு விசா விலக்கு தருகிறார்கள். பெரியப்பா குடும்பம் மலேசியப் பாஸ்போர்ட்டில் இங்கே குலதெய்வம் கும்பிட வந்தால் நாம் ஏன் விசா கேட்கிறோம்? நம் ரத்தம்தானே? இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வைகைக்கரை | வெள்ளி, இரவு 10:10

தம்பி, இந்தக் கேள்வியை என் அப்பா அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்டார். எனக்கு 74 வயது. சொல்கிறேன்.

என் தாத்தா 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு போனவர். அந்தக் காலத்தில் மலேயாவும் சிலோனும் பர்மாவும் நாமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தோம். போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியவன் வெள்ளைக்காரன், அவனுக்குக் கூலிகள் தேவைப்பட்டார்கள். நாடுகள் தனித்தனியாக ஆனதும் ஒவ்வொருவரும் தத்தம் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்துகூட 1962 வரை காமன்வெல்த் குடிமக்கள் என்று நம்மைத் தடையில்லாமல் விட்டது. பிறகு சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. 1986-இல் இந்தியர்களுக்கு விசாவே கட்டாயம் ஆக்கியது. விசா என்பது அந்தந்த நாடு தன் தேவையைப் பார்த்துத் திறந்து மூடுவது. மலேசியா இப்போது நம்மை விசா இல்லாமல் அழைப்பது சுற்றுலாப் பணத்துக்காக. உறவுக்காக அல்ல. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். நேபாளம், பூடான் குடிமக்களுக்கு இங்கே விசா வேண்டாம். மாலத்தீவினருக்கு 90 நாள் வரை வேண்டாம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 2014 நவம்பரில் தொடங்கிய இ-விசா உண்டு. மலேசியர்களும் அதைத்தான் எடுக்க வேண்டும். தூதரகம் போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அரசு இணையதளம் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் நிறைய. முகவரி 'ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விசா இல்லாத உறவு ஒன்றே ஒன்று நம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் மிஞ்சி இருக்கிறது. இராமநாதபுரத்துத் தம்பி சொல்லட்டும்.

இராமநாதபுரத்துப் பிள்ளை | வெள்ளி, இரவு 10:45

கச்சத்தீவைச் சொல்கிறீர்கள் ஐயா. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு. நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்காக இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ பெற வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு நான் இரண்டுமுறை போயிருக்கிறேன். முன்கூட்டியே பெயர் பதிந்து, அடையாள அட்டை காட்டி, இராமேசுவரத்தில் படகு ஏற வேண்டும். சோதனை எல்லாம் உண்டு, பாஸ்போர்ட் மட்டும் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வந்தவர்களோடு மணலில் உட்கார்ந்து இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். என் பாட்டியின் ஊர்க்காரர் ஒருவரை அங்கேதான் கண்டுபிடித்தேன். மறுநாள் அவர் அந்தப் பக்கப் படகில் ஏறினார், நான் இந்தப் பக்கப் படகில் ஏறினேன். இரண்டு பேருக்கும் கையில் ஒரு முத்திரையும் இல்லை.

மெல்பர்ன் மதுரை | சனி, காலை 5:20

திருமங்கலத்து அண்ணனின் சூழ்நிலை எனக்கும் வருகிறது, திசை மட்டும் எதிர். நானும் மனைவியும் இந்தியப் பாஸ்போர்ட், இங்கே நிரந்தரக் குடியிருப்பு. மகள் இங்கே பிறந்தவள், ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட். சித்திரைத் திருவிழாவுக்குச் சிங்கப்பூர் வழியாக மதுரை வருகிறோம். வழியில் சிங்கப்பூரில் இரண்டு நாள் இறங்கிப் பார்க்க ஆசை. எங்களுக்கும் விசா வேண்டுமா? மகளுக்கு இ-விசா எடுத்தால் மதுரை விமான நிலையத்தில் ஏற்பார்களா, சென்னைதான் போக வேண்டுமா?

மாசி வீதி | சனி, காலை 7:40

நல்ல செய்திதான். இ-விசாவில் இறங்க அனுமதிக்கப்பட்ட விமான நிலையங்களின் பட்டியலில் மதுரை இருக்கிறது. திருச்சி, கோவை, சென்னையும் இருக்கின்றன. நேராக நம்மூரிலேயே இறங்கலாம். விரல் ரேகையும் படமும் எடுக்கும் மேசையில் சற்று நேரம் ஆகும், குழந்தைக்குத் தண்ணீரும் தின்பண்டமும் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் 2025 அக்டோபர் முதல் இ-வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம்.

சிங்கப்பூரில் மகளுக்கு விசா வேண்டாம், ஆஸ்திரேலியர்களுக்கு விலக்கு உண்டு. நீங்கள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால், இந்தியாவுக்கு வரும் வழியிலோ போகும் வழியிலோ 96 மணி நேரம் விசா இல்லாமல் இறங்கலாம். அடுத்த பயணத்துக்கான டிக்கெட் அந்த 96 மணி நேரத்துக்குள் உறுதியாகியிருக்க வேண்டும். இதுவும் அந்த அதிகாரியின் முடிவுக்கு உட்பட்டதே.

மகளுக்கு ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை எடுப்பது பற்றி யோசியுங்கள். பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகன் என்றாலே குழந்தைக்குத் தகுதி உண்டு. வாழ்நாள் முழுவதும் எத்தனை முறையும் வரலாம், எத்தனை நாளும் தங்கலாம். ஆனால் அது இரட்டைக் குடியுரிமை அல்ல. வாக்கு இல்லை, விளைநிலம் வாங்க முடியாது. இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நம் சட்டம் அதை ஏற்பதில்லை.

மேலூர் ஆசிரியை | சனி, காலை 9:00

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர் ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். தாத்தா பாட்டி வீட்டில் தங்கினால் அந்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். சி படிவம் என்று வழக்கத்தில் சொல்வார்கள். பேத்தி என்றாலும் பாஸ்போர்ட்தான் கணக்கு. அப்பாவுக்கு இணையம் தெரியாவிட்டால் நீங்களே மெல்பர்னிலிருந்து புறப்படும் முன் கணக்குத் தொடங்கி வைத்துவிட்டு வாருங்கள்.

திருமங்கலத்துக்காரன் | ஐந்து வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8:30

போய்வந்துவிட்டோம். நடந்ததை எழுதுவது என் கடமை.

எம்டிஏசியை நானே நிரப்பினேன். ஐந்து பேருக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்சி போனோம். விமான நிறுவன மேசையில் திரும்பும் டிக்கெட்டையும் எம்டிஏசி தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அம்மாவின் பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லியிருந்தார்கள், அதில் சிக்கல் வரவில்லை. நம் இமிகிரேஷனில் இசிஆர் பார்த்து, எதற்காகப் போகிறீர்கள் என்று அம்மாவையே கேட்டார்கள். "வீட்டுக்காரர் அண்ணன் பேத்தி கல்யாணம்" என்றார் அம்மா. போகச் சொல்லிவிட்டார்கள்.

கோலாலம்பூரில்தான் நேரம் பிடித்தது. இரண்டு சுட்டுவிரல்களையும் கருவியில் வைக்கச் சொன்னார்கள். நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த விரல்கள். ரேகை விழவே இல்லை. நான்குமுறை துடைத்துத் துடைத்து வைத்தார். பின்னால் வரிசை நீண்டுவிட்டது, எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அதிகாரிப் பெண் தமிழர். எழுந்து வந்து அம்மாவின் விரலைத் தன் கையால் பிடித்து அழுத்தி வைத்தார். அழைப்பிதழை நீட்டினேன். வாங்கிப் படித்தார், மணமகள் ஊரைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். 30 நாள்.

இனித் துபாயில் இருக்கும் தங்கையையும் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா. அதனால் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து இரண்டாவது பெயர் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறேன். கட்டணம் 1,500 ரூபாய். குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஐம்பது வருஷம் அவர் எழுத்தைப் போட்டாயிற்று. இதிலாவது எங்கள் ஐயா பேர் இருக்கட்டும்" என்றார். தாத்தா பெயரை எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.